குரல் தாழ்த்திக் கேட்கும் மாத்திரை

இரவு ஒன்பது மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறைந்த பிறகுதான் அவர்கள் வருவார்கள். முதலில் ஒரு தைலமோ காய்ச்சல் மாத்திரையோ கேட்பார்கள். பில் போடும்போது இரு பக்கமும் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த டைமிங் மாத்திரை இருக்கா?" என்பார்கள். விந்து முந்துவதைத் தள்ளிப்போடும் மாத்திரைக்குத்தான் அந்தப் பெயர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மூலத்துக்கும்கூடத் தெரு கேட்கச் சத்தமாக மருந்து கேட்கிற மனிதர்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் குரலைத் தாழ்த்துகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக மருந்தாளுநராக நிற்கிறேன். இது மாறவே இல்லை. குரல் தாழ்ந்தால் பேச்சும் சுருங்கிவிடுகிறது. எப்போது போடுவது, எதோடு சேரக்கூடாது என்று அவரும் கேட்பதில்லை, கொடுப்பவரும் சொல்வதில்லை. இந்த மாத்திரையால் வரும் கெடுதலில் பாதி அந்தப் பேசாத இடத்தில்தான் நடக்கிறது.

நானும் அப்படிப் பேசாமல் கொடுத்தவன்தான். படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் கடையில், இதற்கு டாக்டர் சீட்டு கேட்டால் வியாபாரம் போய்விடும் என்பது நடைமுறை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் வந்து கேட்டார். அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அரை நிமிட வேலை.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவர் மனைவி நின்றிருந்தார். "தம்பி, நேத்து ராத்திரி எங்க வீட்டுக்காரருக்கு என்ன மாத்திரை குடுத்தீங்க? ஆஸ்பத்திரியில கேக்கறாங்க" என்று உள்ளங்கையை விரித்தார். நான் வெட்டிக் கொடுத்த அதே துண்டு. இரண்டு குழியில் ஒன்று காலி. பின்பக்கத்து வெள்ளித்தாளில் பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும் மிச்சம். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது காலாவதி, ஒன்றுமே அதில் இல்லை. நடு இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் குளியலறை வாசலில் மயங்கி விழுந்து தாடை கிழிந்திருக்கிறது. ஆறு தையல்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நான் கொடுத்தது டபாக்சிடினும் சில்டனாஃபிலும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அவர் புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிட்டு வந்தவர். அன்று மாலை மதுவும் குடித்திருந்தார். டாம்சுலோசின், சில்டனாஃபில், மது மூன்றும் இரத்தக் குழாயைத் தளர்த்தும். டபாக்சிடினுக்கு, படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்ற வைக்கும் குணம் தன்னளவிலேயே உண்டு. நான்கும் ஒரே உடம்பில் சந்தித்தன. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று ஒன்றே ஒன்று கேட்டிருந்தால், அவர் விழுந்திருக்க மாட்டார்.

மருந்தின் பெயரை ஆஸ்பத்திரியில் ஏன் அவ்வளவு அவசரமாகக் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விழுந்தவருக்கு நெஞ்சுவலியும் இருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து கொடுப்பார்கள். சில்டனாஃபில் உடம்பில் இருக்கும்போது நைட்ரேட் போனால் பிரஷர் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இறங்கலாம். ஆகவே அந்த அட்டைத் துண்டில் இல்லாமல் போன எழுத்துகள் சாதாரண எழுத்துகள் அல்ல.

டபாக்சிடின் வினோதமான வழியில் வந்த மருந்து. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் இதை மனச்சோர்வுக்கென்று உருவாக்கத் தொடங்கியது. இரத்தத்தில் வேகமாக ஏறி வேகமாக இறங்குவதால் அந்த வேலைக்கு இது தோதுப்படவில்லை. வேண்டிய நேரத்துக்கு முன்னால் போட்டு, பிறகு மறந்துவிடக்கூடிய மருந்தாக இருக்க அதே குணம் உதவியது. விந்து வெளியேறும் அனிச்சைச் செயலை மூளையில் செரோடோனின் தாமதப்படுத்துகிறது. அந்தச் செரோடோனினை இந்த மருந்து கொஞ்ச நேரத்துக்குக் கூட்டிவைக்கிறது. 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் தரவில்லை. ஐரோப்பாவில் 2009-ல் பின்லாந்தும் சுவீடனும் முதலில் அனுமதித்தன. நம் நாட்டில் இதன் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பதே அந்தக் கோட்டின் பொருள்.

சீட்டோடு வருபவரிடம் நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் 30 மில்லிகிராம். உறவுக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு முன்னால், ஒரு முழு தம்ளர் தண்ணீரோடு. 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. தினசரி போடும் மாத்திரை அல்ல. அன்றைக்கு மது வேண்டாம். எழும்போது நிதானமாக, கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். குமட்டி, வியர்த்து, கண் இருட்டுவது போல இருந்தால் நடக்க முயலாதீர்கள், அங்கேயே படுத்துவிடுங்கள். வேலை செய்யவில்லை என்று நீங்களாகவே இரண்டாகப் போடாதீர்கள். 60-ஆகக் கூட்டுவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். 18 வயதுக்குக் கீழும் 65 வயதிலிருந்தும் இது எழுதப்படுவதில்லை.

இதயம் செயலிழந்தவர்கள், இதயத் துடிப்புக் கடத்தலில் அடைப்பு உள்ளவர்கள், முன்பு மயங்கி விழுந்த வரலாறு உள்ளவர்கள், ஈரல் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் இதைத் தொடக்கூடாது. இவை டாக்டர் சோதித்துப் பார்க்க வேண்டியவை. கவுன்டரில் நான் பிடிக்க வேண்டியது வேறு: அவர் வேறு இடத்தில், வேறு காரணத்துக்கு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை. மனச்சோர்வு மாத்திரைகள், வலிக்குக் கொடுக்கும் டிராமடால், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் இவை எல்லாம் செரோடோனினின் வேலையைக் கூட்டும் சாதி. சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உடம்பு கொதித்துவிடும்.

ஆனால் எங்கள் ஊரில் நான் அதிகம் பயப்படுவது படர்தாமரை மாத்திரைக்குத்தான். வாரக்கணக்கில் இட்ராகொனசோல் சாப்பிடாத குடும்பமே இல்லை என்னும் அளவுக்கு அந்தத் தொற்று பரவிக் கிடக்கிறது. தோலுக்குத்தானே என்று யாரும் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஈரலில் டபாக்சிடினைச் சிதைக்கும் நொதியை அது பலமாகத் தடுத்துவிடும். போட்ட 30 உடம்பில் பெரிய அளவாக நின்றுவிடும். "வேற மாத்திரை ஏதாவது?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "அரிப்புக்கு ஏதாவது?" என்று கேட்டால்தான் "ஆமா, அது ஒண்ணு" என்பார்கள். கேள்வியைக் கேட்கும் விதத்திலும் ஒரு தொழில் இருக்கிறது. இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

கூட்டு மாத்திரை எனக்குத் தனி மனவருத்தம். விறைப்பில் எந்தக் குறையும் இல்லாத இருபத்தைந்து வயதுப் பையன், நண்பன் சொன்னான் என்று சில்டனாஃபிலையும் சேர்த்து விழுங்குகிறான். லேகியம் என்றால் பயமில்லை என்று போகிறவர்களும் உண்டு. மூலிகை என்று விற்கப்பட்டவற்றில் சில்டனாஃபில் கலந்திருந்ததைப் பல நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலமுறை பிடித்திருக்கின்றன.

சில டாக்டர்கள் இதே தொல்லைக்குப் பராக்சிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரையைத் தினமும் போட எழுதுவார்கள். வாங்கிப் போகிறவர்கள் அதைக் கூகுளில் தேடி, "எனக்கு மனநோயா?" என்று கலங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். தானாக, திடீரென்று நிறுத்தக்கூடாத மருந்து அது. மரத்துப்போக வைக்கும் களிம்பு எழுதியிருந்தால், டாக்டர் சொன்ன நேரம் கழித்துத் துடைத்துக் கழுவச் சொல்வேன். இல்லாவிட்டால் மரத்துப்போவது மனைவிக்கும் நேரும்.

எத்தனை நிமிடம் சரி என்பதுதான் அவர்கள் மனதில் உள்ள உண்மையான கேள்வி. நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 500 தம்பதிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அளந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. நடு மதிப்பு 5.4 நிமிடம். முதல் அனுபவத்திலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள், அடக்க முடியாமல், மனம் நோகும்படி நடந்தால்தான் பிறவியிலிருந்து வரும் வகை என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு நன்றாக இருந்து, இப்போது மூன்று நிமிடத்துக்குள் குறைந்துவிட்டால் அது இடையில் வந்தது. அதற்குக் காரணம் தேட வேண்டும். அந்த 5.4 என்ற எண்ணைச் சொன்னவுடனே மாத்திரை வேண்டாமென்று நிம்மதியாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் முப்பது வயதுக்குள் ஒருவர் வந்தார். திருமணமாகி நான்கு வருடம். ஆறு மாதமாகத்தான் இந்தத் தொல்லை. சீட்டு இல்லை. ரூபாய் நோட்டை நீட்டிய விரல்கள் நடுங்கின. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். "தம்பி, முன்னாடி நல்லா இருந்து இப்ப வந்திருக்குன்னா டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும். காசை வச்சுக்குங்க" என்றேன். முகம் வாடிப்போய்விட்டது. வேறு கடைக்குத்தான் போவார் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துச் சீட்டோடு வந்தார். அதில் டபாக்சிடின் இல்லை. கார்பிமசோல் எழுதியிருந்தது. தைராய்டு அதிகமாகச் சுரந்ததாம். எடை குறைந்தது, படபடப்பு, இந்தத் தொல்லை எல்லாம் அதனால் என்று டாக்டர் சொன்னாராம். அந்த விரல் நடுக்கமும் அதுதான். நான் கண்ணெதிரே பார்த்தும் பெயர் தெரியாமல் விட்ட நடுக்கம்.

பெயரும் தேதியும் அவர் கைக்குப் போகும் துண்டில் நிற்கும்படி மாத்திரையை வெட்டினேன். அந்த முதல் கடைக்குப் பிறகு எப்போதும் அப்படித்தான் வெட்டுகிறேன். "தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தா நம்ம கடைக்கு வந்து மாத்திரை கேக்காதீங்க, தம்பி. இதை நிறுத்திட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட போய் ரத்தம் பாக்கச் சொல்லுங்க" என்றேன். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, செல்போனில் பதிவு செய்துகொண்டார்.