கேன் வாங்காத வீடு

முதுகலை ஆய்வேடுகளின் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியது போலிருக்கும். தலைப்பு 'ஆய்வு முறையியல்'. கீழே நோக்கம், கருதுகோள், மாதிரியின் அளவு, தரவு திரட்டிய விதம், புள்ளியியல் சோதனை, கடைசியில் ஆய்வின் வரம்புகள். வரம்புகளில் 'நேரமின்மை' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எப்படி ஆராயப் போகிறோம் என்று முதலில் யோசிக்க வேண்டிய இடம் இது. நடைமுறையில், பைண்டிங் கடைக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது சீனியரிடம் ஃபைல் வாங்கித் தலைப்பை மாற்றி எழுதப்படுகிறது.

நான் ஆய்வாளன் இல்லை, மென்பொருள்காரன். ஆனால் ஒரு புரோகிராம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று துப்பறிவதிலேயே என் வேலை நேரத்தில் பாதி போகிறது. அதனாலோ என்னவோ, சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் என்றால் எனக்கு ஃபோன் வரும். இந்த முறை அக்கா மகள். ஈரோட்டில் எம்.எஸ்.டபிள்யூ. கடைசி வருஷம் படிக்கிறாள்.

"மாமா, மெத்தடாலஜி சாப்டர் மட்டும் எழுதிக் குடுங்க. மத்ததெல்லாம் முடிஞ்சுது."

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும்போதும் குடும்பங்கள் ஏன் கேன் தண்ணீர் வாங்குகின்றன என்பது தலைப்பு. நல்ல தலைப்பு என்றே நினைத்தேன். வாசலுக்கு வாசல் அந்த இருபது லிட்டர் கேன் நிற்பதைப் பார்க்கிறோம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கூகுள் ஃபார்மில் 62 பேர் பதில் சொல்லியிருந்தார்கள். ஏன் வாங்குகிறீர்கள் என்ற கேள்விக்கு நான்கு விடைகள்: சுவை, ஆரோக்கியம், வசதி, மற்றவை. ஆரோக்கியம் ஜெயித்திருந்தது. அந்த 62 பேர் யார் என்று கேட்டேன். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப், ஹாஸ்டல் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள். எல்லோருமே கேன் வாங்கும் வீட்டுக்காரர்கள்.

"வாங்காதவங்க?"

"அவங்கள எதுக்கு மாமா கேக்கணும்? தலைப்பே வாங்கறவங்களப் பத்தித்தானே?"

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஜான் ஸ்நோவைத் தெரியுமா என்று கேட்டேன். தெரிந்திருந்தது. லண்டன், காலரா, மேப், பம்பு கைப்பிடியைக் கழற்றியது, நோய் நின்றது. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

நடந்தது அவ்வளவு அழகாக இல்லை. 1854 ஆகஸ்ட் 31 இரவு சோஹோவின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனால் அதற்குள் பலர் அந்தப் பகுதியைவிட்டு ஓடிவிட்டதையும், நோய் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்ததையும் ஸ்நோவே எழுதி வைத்திருக்கிறார். கைப்பிடியால்தான் நின்றது என்று சொல்ல வழியில்லை என்கிறார். தன் கட்சிக்குச் சாதகமான கதையைத் தானே பலவீனப்படுத்திய அந்தப் பத்திக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவருடைய எதிர்க்கட்சியும் லேசுப்பட்டதல்ல. காலரா கெட்ட காற்றால் வருகிறது என்பது அன்றைய மருத்துவ நம்பிக்கை. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் அதற்குக் கணக்கே வைத்திருந்தார். தேம்ஸ் நதி மட்டத்திலிருந்து ஒரு பகுதி எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்குக் காலரா சாவு குறைவு. 1848-49 கொள்ளைநோயின் எண்கள் இதற்கு அழகாகப் பொருந்தின. நதியோரத்து அழுகல் நாற்றம் மேட்டுக்கு ஏறுவதில்லை என்று விளக்கமும் கிடைத்துவிட்டது. இன்று ஒரு மாணவர் இந்தத் தரவைக் கணினியில் போட்டால் புள்ளியியல் சோதனை ஆஹா என்று சொல்லும். தரவு உண்மை, விளக்கம் தவறு. பள்ளத்தில் இருந்தவர்கள் நதியின் அழுக்குத் தண்ணீரையும் அதிகமாகக் குடித்தார்கள். இரண்டில் எது கொன்றது என்று அந்த எண்களை வைத்தே சொல்ல முடியாது. 'இலக்கிய மீளாய்வு' என்ற இரண்டாம் அத்தியாயத்துக்கு உண்மையில் ஒரு வேலை இருக்கிறதென்றால் அது இந்த இடம்தான்: ஏற்கெனவே சொல்லப்பட்ட விளக்கம் எது, அதற்கும் நம்முடையதற்கும் எந்த இடத்தில் முட்டும் என்று கண்டுபிடிப்பது.

முட்டும் இடம் ஸ்நோவுக்குத் தென் லண்டனில் கிடைத்தது. அங்கே சவுத்வார்க் அண்ட் வாக்ஸால், லாம்பெத் என்று இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. இந்த வீட்டில் ஒரு கம்பெனித் தண்ணீர், அடுத்த வீட்டில் இன்னொன்று. பணக்காரன் ஏழை, மேடு பள்ளம், நாற்றம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். லாம்பெத் கம்பெனி 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரத்தின் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்கு மாற்றியிருந்தது. மற்றது பழைய இடத்திலேயே எடுத்தது. நாங்கள் ஒரு மென்பொருளின் புது வடிவத்தைப் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்துச் சோதித்துப் பார்ப்போம், கிட்டத்தட்ட அதுபோல. இங்கே யாருக்கும் திட்டமில்லாமல் தானாகவே அமைந்துவிட்டது.

ஸ்நோ சாவு நடந்த வீடுகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு கதவு தட்டினார். பட்டியல் கொடுத்து உதவியது, கொள்கையில் எதிர்ப்பக்கம் நின்ற ஃபார்தான். போனால் பல வீடுகளில் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்றே தெரியவில்லை. வரி கட்டுவது வீட்டு உரிமையாளர். ஸ்நோ தண்ணீரிலேயே விடை தேடினார். சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தால் உப்பின் அளவு தெரியும். ஒரு கம்பெனித் தண்ணீரில் உப்பு மற்றதைவிட நாற்பது மடங்கு. வீட்டுக்காரரின் ஞாபகத்தை நம்பத் தேவையில்லாமல் போயிற்று.

முதல் ஏழு வாரக் கணக்கு: சவுத்வார்க் வீடுகளில் 1,263 சாவு, லாம்பெத் வீடுகளில் 98. இங்கேயே நிறுத்தியிருந்தால் பதின்மூன்று மடங்கு என்று சொல்லிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். அவர் ஒவ்வொரு கம்பெனிக்கும் மொத்தம் எத்தனை வீடு என்றும் எடுத்தார். 40,046, 26,107. பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு ஒரு பக்கம், 37 மறுபக்கம். எட்டு மடங்கு சொச்சம். கீழே வகுக்கும் எண் இல்லாமல் மேலே இருக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அக்கா மகளின் 62க்கும் அதுதான் பிரச்சினை. கேன் வாங்குகிறவர்கள் ஆரோக்கியத்தைச் சொன்னார்கள், சரி. வாங்காதவர்களும் ஆரோக்கியத்தைத்தான் சொல்வார்கள் என்றால்?

சோஹோவில் ஸ்நோ தேடிப் போன இன்னொரு வகை ஆட்களும் உண்டு: கணக்கில் இடிப்பவர்கள். பம்பு இருந்த அதே தெருவில் ஒரு பீர் ஆலை, எழுபது பேருக்கு மேல் வேலை, ஒருவரும் சாகவில்லை. போய்க் கேட்டால் அவர்களுக்கு பீர் இலவசம், தெருப் பம்பு பக்கமே போவதில்லை. அதேபோல், பல மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை காலராவில் செத்தார். அந்தப் பகுதியில் வேறு காலராவே இல்லை. அவர் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர், அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பழகிவிட்டது, தினமும் வண்டியில் ஒரு பாட்டில் வரும். அதைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் தன் ஊருக்குத் திரும்பிப் போய்ச் செத்தாள். மேப்பில் இருக்கும் நூற்றுக்கணக்கான கோடுகளைவிட இந்த இரண்டு பேர் எனக்குப் பெரிய சாட்சி.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்போ நான் தெருவுல இறங்கணுமா மாமா?" என்றாள். சப்மிஷனுக்கு ஐந்து வாரம் இருந்தது.

இறங்கினாள். தனியாகப் போக வேண்டாம் என்று அக்காவும் கூடப் போனாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டு தெருக்கள், 33 வீடு, ஒன்றையும் விடாமல். பேசக் கிடைத்தது 24. முதல் நாளே அவளுடைய ஃபார்ம் உடைந்துவிட்டது. 'கேன் வாங்குகிறீர்களா? ஆம் / இல்லை' என்ற முதல் கேள்வியிலேயே. ஒரு வீட்டில் கேன் இருக்கிறது, ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும். வீட்டு ஆட்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். இன்னொரு வீட்டில் குழந்தைக்கு மட்டும் கேன். மாடியில் தனியாக இருக்கும் ஓர் ஆத்தா கேன் வாங்குவதில்லை. குழாய்த் தண்ணீர் பிடிக்குமா என்று இவள் கேட்டதற்கு, "புடிக்கறதென்ன கண்ணு, மாடிக்கு யாரு தூக்கியாறது?" என்றாராம். இது நான்கு விடைகளில் எதில் வரும்? 'வசதி' என்று போட்டால் அந்தப் பாட்டியின் முழங்கால் வலி காணாமல் போய்விடும்.

ஆய்வில் இதை முன்னோட்டம் என்பார்கள். வினாநிரலைப் பத்துப் பேரிடம் கொடுத்து எங்கே உடைகிறது என்று பார்ப்பது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, செய்கிறவர்கள் குறைவு. ஏனென்றால் உடைந்தால் திரும்ப எழுத வேண்டும். இவள் திரும்ப எழுதினாள். 'வாங்குகிறீர்களா' போய், 'நேற்று இந்த வீட்டில் யார் யார் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்' என்று வந்தது. 'ஏன்' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி, விடைகளை எடுத்துவிட்டு வெற்று இடமாக விட்டாள்.

வாங்காதவர்களை எதற்குக் கேட்கணும் என்ற அவளுடைய முதல் கேள்விக்கு உண்மையான பதில் ஸ்நோவிடம்கூட இல்லை, ஹென்றி வைட்ஹெட்டிடம் இருக்கிறது. அந்தப் பகுதித் தேவாலயத்தின் இளம் பாதிரியார். ஸ்நோ சொல்வது தவறு என்று நிரூபிக்கவே கிளம்பினார். அவருக்குத் தெரிந்த பலர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாக இருந்தார்கள். அதனால் செத்தவர்களைப் பற்றி மட்டும் விசாரிக்காமல் பிழைத்தவர்களிடமும் நோய் வராதவர்களிடமும் போய், குடித்தீர்களா என்று கேட்டார். ஒரே வீட்டுக்கு நாலைந்து தடவைகூட. எண்ணிப் பார்த்தால் குடித்தவர்களிடம்தான் நோய் அதிகம். மெதுவாக அவர் மனம் மாறியது. கடைசியில், பம்புக்கு எதிரில் 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குத் தெரு வெடிப்புக்கு முன்பே வயிற்றுப்போக்கு இருந்ததையும், துணி அலசிய தண்ணீர் கிணற்றை ஒட்டிய கழிவுக்குழியில் கொட்டப்பட்டதையும் கண்டுபிடித்ததும் அவர்தான். இத்தனைக்குப் பிறகும் 1855இல் சுகாதார வாரியத்தின் குழு ஸ்நோவின் முடிவை ஏற்கவில்லை. அவர் 1858இல் இறந்துபோனார்.

அக்கா மகளின் கைடு 24 பத்தாது, நூறாக்கு என்றிருக்கிறார். பழைய 62ஐச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோழிகள் யோசனை சொன்னார்கள். சேர்க்கவில்லை. வரம்புகள் பகுதியை எனக்கு அனுப்பியிருந்தாள்: ஒன்பது வீடுகள் பூட்டியிருந்தன, பகலில் போனதால் கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகள் விடுபட்டிருக்கலாம், அவர்கள்தான் கேன் அதிகம் வாங்குகிறவர்களாகவும் இருக்கலாம். அந்த அத்தியாயத்தில் நான் எழுதிக் கொடுத்தது ஒரு வரிகூட இல்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனால் அந்த ஒன்பது வீட்டையும் பிடித்துவிடலாம் என்பது அக்காவின் யோசனை. கேன் போடும் பையனிடம் நோட்டு இருக்கிறது, எந்த வீட்டுக்கு வாரம் எத்தனை என்று அதிலேயே இருக்கும் என்பதும் அக்கா சொன்னதுதான். வீட்டுக்காரர்களைக் கேட்காமல் அந்த நோட்டைப் பார்க்கக் கூடாது என்கிறாள் மகள். நேற்று ராத்திரி ஃபோனில் இரண்டு பேரும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.