கரையோடு திரும்பிவிடாதீர்கள்

மொரிஷியஸ் போகிறோம் என்று சொல்லி ஆசி வாங்க வரும் இளம் தம்பதிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "விடுதி வாசலைத் தாண்டி எத்தனை நாள் இருப்பீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. ஏற்பாட்டாளர் எழுதிக் கொடுத்த நிரலில் விமான நிலையம், விடுதி, படகு, மறுபடி விடுதி என்றுதான் இருக்கும்.

கடல் அழகு, அதில் சந்தேகமில்லை. தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் அரண் கட்டி நிற்பதால் பேரலைகள் தொலைவிலேயே உடைந்துவிடுகின்றன. உள்ளே நீர் குளம் போலக் கிடக்கிறது. ஆனால் அந்தக் கரைகள் யாவும் சட்டப்படி பொதுமக்களுடையவை என்பது பலருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து சவுக்கு நிழலில் பாய் விரிக்கும். யாராவது ஆட்டுத்தோல் போர்த்திய ராவான் பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார். சேகா ஆட்டம் தொடங்கும். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வளர்த்த கலை அது. விடுதி மேடையில் விருந்தினருக்காக ஆடுவதைவிட இதைப் பாருங்கள்.

சாப்பாடும் அப்படித்தான். தெருவண்டியில் தால் பூரி வாங்குங்கள். அரைத்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய பூரி. இரண்டு இரண்டாகத்தான் தருவார்கள். அவரைக் குழம்பு, தக்காளித் தொக்கு, சட்டினி மூன்றையும் உள்ளே தடவி, தாளில் சுருட்டிக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே எண்ணெயில் பொரியும் 'கத்தோ பிமா' நம் பருப்பு வடைக்கு உடன்பிறப்பு. கோயில் விசேஷத்தில் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறுவதும் அங்கே வழக்கம். இந்தச் சுவைகள் எந்த நெடுவழியில் அங்கே வந்து சேர்ந்தன என்று ஒரு வாய் உண்ணும்போதாவது நினைக்க வேண்டும்.

அந்த வழியின் வாசல் தலைநகர் போர்ட் லூயித் துறைமுகத்தில் இருக்கிறது: ஆப்ரவாசி காட். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் அந்தத் தீவில் இறங்கினார்கள். பீகார்ப் பக்கத்து மக்களே மிகுதி. சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் நிறையப் பேர். அதற்கும் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் போயிருந்தார்கள். இன்று அந்தத் தமிழர்களின் வழிவந்தவர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். இருந்தும் தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. "உங்களுக்குத் தமிழ் பேசத் தெரியாதா?" என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். மொழி நழுவிய பிறகும் அலகு குத்தி, விரதம் இருந்து, முருகனைக் கைவிடாதவர்கள் அவர்கள்.

2020இல் தென்கிழக்குக் கரையில் ஒரு சரக்குக் கப்பல் பவளப்பாறையில் ஏறி எண்ணெய் கசிந்தது. அப்போது தீவு மக்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்து, நீளமாகத் தைத்து, கடலில் மிதக்கவிட்டு எண்ணெயை மறித்தார்கள். முன்னோர் முதுகு ஒடிய வெட்டிய கரும்பின் சோகை பேரர்களின் கடலைக் காக்க வந்தது. இப்படிப்பட்டவர்களின் ஊருக்குப் போய், அவர்களில் ஒருவரிடமும் பேசாமல் திரும்புவதை நான் பயணமாக எண்ணுவதில்லை.

போகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுதியில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள். காலை உணவு போதும். தீவு முழுக்கப் பேருந்து ஓடுகிறது. அதில் ஏறிப் போர்ட் லூயிச் சந்தைக்குப் போங்கள், பக்கத்து இருக்கைக்காரரிடம் வணக்கம் சொல்லுங்கள். முடிந்தால் பயணத்தைத் தைப்பூசத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.