பாட்டு விற்ற கடைகள்

நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அவருக்கு வயது 27. தமிழில் பேசும் படம் வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் தொடங்கியது 1938-இல்தான். நாடகக் கொட்டகையைக் கட்டி ஆண்ட அந்தக் குரல் இன்று நம் காதில் விழுகிறது என்றால், அவர் பாடிக் கொடுத்துவிட்டுப் போன இசைத்தட்டுகள்தான் காரணம். கம்பெனி தட்டைப் பதித்தது. கடைக்காரர் விற்றார். யாரோ ஒருவர் தன் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பரணில் கிடந்ததைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். இவர்களில் பாடகருக்கும் கம்பெனிக்கும் வரலாற்றில் பெயர் இருக்கிறது. சேகரித்து வைத்தவர்களையும், வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் வழியாக, ஓரளவு அறிவோம். நடுவில் நின்ற கடைக்காரரைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அவர்கள் கடைகள் மூடிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவன் என்ற முறையில், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் சின்னதாக இருந்ததில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் தொடக்கமே கிராமபோன் தட்டுகளில்தான். காரைக்குடியில் அப்பாவின் கடையில் தட்டு விற்றவர், முப்பதுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, தட்டுகளைத் தயாரித்து வெளியிடவும் செய்தார். எந்தப் பாட்டை மக்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அவருக்குக் கடையில் நின்று தெரிந்திருந்தது. ஏவி.எம். ஸ்டுடியோவெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடம் இருக்கும். கச்சேரியில் அரைமணி நேரம் விரிவாகப் பாடும் வித்வான், அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டிவிட வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி இப்படித்தான் தட்டில் ஏறியது. திருவாவடுதுறைப் பக்கம் போயே இராதவர்களும் அந்தத் தோடியைக் கேட்டார்கள். கீழே விழுந்தால் சுக்குநூறாக உடையும் பொருள் இது. ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். எஃகு ஊசிகள் சின்னத் தகர டப்பாவில் விற்கும். ஜனங்கள் 'பிளேட்டு' என்றார்கள், 'நாய் மார்க் பிளேட்டு' என்றால் எச்.எம்.வி.

கிராமபோன் வைத்திருந்த வீடுகள் குறைவு. ஊருக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மைக் செட்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, அம்மன் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் தகரப் பெட்டியில் தட்டுகளோடு வந்துவிடுவார்கள். பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிறகு டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டு, எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு, அதற்கப்புறம்தான் சினிமா. நாகூர் ஹனிபாவின் இஸ்லாமியப் பாட்டுகள் தர்கா விழாவில் ஒலிக்கும், அதே ஹனிபா பாடிய கழகப் பாட்டுகள் கூட்ட மேடையில் ஒலிக்கும். ரெக்கார்டு கடைகளின் நிஜமான வாடிக்கையாளர்கள் இந்த மைக் செட்காரர்கள்தான். இன்றைக்கும் பழைய தட்டுகளைப் புரட்டினால், நடுவட்டத்து லேபிளில் ஏதோ ஒரு ஊரின் சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்ப் நீலமாகத் தெரியும். அந்தத் தட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கும், கரகரவென்று சத்தம் வரும். சேகரிப்பவர்கள் அவற்றை ஒதுக்குவார்கள். எனக்கோ அவைதான் அதிகம் பிடிக்கும். ஒரு வட்டாரமே கேட்டுத் தேய்த்த தட்டுகள் அவை.

நான் போய் நின்ற கடை மதுரையில், டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அகலம் பத்தடி தேறாது. மூன்று பக்கமும் கூரை வரைக்கும் மரத்தட்டு, நடுவில் ஒரு கண்ணாடி மேசை, அதன்மேல் பிளேயர். ஒரு ஸ்பீக்கர் உள்ளே, இன்னொன்று சந்தைப் பார்த்து. கடைக்காரரை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அரக்குத் தட்டுகளின் காலம் முடிந்து, நாலு பாட்டு அடங்கும் இ.பி.யும், அதைவிடப் பெரிய எல்.பி.யும் நடந்துகொண்டிருந்தன. எல்.பி. வாங்குவது மாதச் சம்பளக்காரர்களுக்கே யோசிக்க வேண்டிய செலவு. அதனால் போட்டுக் கேட்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். ஒருவருக்காகப் போடும் பாட்டை, கடையில் நிற்பவர்களும் சந்தில் போகிறவர்களும் சேர்ந்து கேட்பார்கள்.

எனக்கு அந்தக் கடையில் முக்கியமாகப் பட்டது, அங்கே வருகிறவர்கள் தங்கள் பாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததுதான். படத்தின் பெயர் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் இலங்கை வானொலியில் கேட்டிருப்பார்கள். படத்தின் பெயரை அறிவிப்பாளர் சொன்ன நேரத்தில் பால் பொங்கியிருக்கும், குழந்தை அழுதிருக்கும். பாய் அவர்களிடம், "ஒரு வரி பாடுங்களேன்" என்பார். நாலு பேர் நிற்கும் இடத்தில் எப்படிப் பாடுவது? வெட்கப்பட்டுக்கொண்டே ஒருவர் முனகுவார். பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எழுந்து போய் ஒரு உறையை உருவுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒருமுறை மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்தில் மைக் செட்காரர் போட்ட பாட்டாம். வரி தெரியாது, மெட்டும் சரியாகப் பிடிபடவில்லை. "ஆரம்பத்துல நாயனம் வரும்யா, அப்புறம் ஒரு பொம்பள கொரலு" என்றார், அவ்வளவுதான். பாய் ஒரு தட்டைப் போட்டார். இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. அதற்குள் கடையில் நின்ற எல்லோரும் அவரவருக்குத் தெரிந்த நாயனப் பாட்டைச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். கடைசியில் யாரோ ஒரு சைக்கிள்காரர் சந்தில் நின்றபடியே ஒரு படத்தின் பெயரைச் சொல்ல, அதுவே அந்தப் பாட்டு. பெரியவர் முழுவதும் கேட்டார். அவர் வீட்டில் பிளேயர் கிடையாது, வாங்க வரவில்லை, கேட்கத்தான் வந்திருந்தார். பாய்க்கு அது முதலிலேயே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "இன்னொரு தடவ போடவா அய்யா?" என்று கேட்டார்.

இப்படி ஒரு ஊர் என்ன கேட்கிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. எந்த வாத்தியாருக்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் என்றால் உயிர், எந்த ஜவுளிக்கடைக்காரர் மதுரை மணி ஐயர் தட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் பாய்க்குத் தெரியும், அவர் வழியாக எங்களுக்கும் தெரியும். என்னை நாகஸ்வரம் கேட்கவைத்தவரும் அவர்தான். சினிமாத் தட்டு வாங்கப் போன பையனிடம், "இதுல ஒரு பாட்டுதான் தேறும் தம்பி. காச வச்சிக்கங்க. இத எடுத்துட்டுப் போயிக் கேட்டுப் பாருங்க, பிடிக்கலன்னா திருப்பிக் குடுங்க" என்று காருகுறிச்சி அருணாசலத்தின் தட்டைக் கையில் கொடுத்தார். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. மெல்ல மெல்லத்தான் காது திறந்தது.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு. "அந்த சிவாஜி பாட்டு குடுங்க" என்று யாராவது கேட்டால், தட்டைக் கொடுக்கும்போது உறையைத் திருப்பி, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூன்று பெயரையும் படித்துக் காட்டுவார். கண்ணதாசன், விசுவநாதன்-ராமமூர்த்தி, டி.எம். சௌந்தரராஜன். உறையில் அச்சடித்திருந்ததைப் படித்துக் காட்டுவதை அவர் ஒரு கடமையாகவே வைத்திருந்தார். இன்று கைப்பேசியில் பாட்டு ஓடுகிறது, பாடலாசிரியர் பெயர் பல நேரம் இருப்பதே இல்லை. கண்ணதாசன் எழுதியதா, வாலி எழுதியதா என்று சண்டை போட்ட ஒரு சமூகம் அந்தச் சண்டையையே மறந்துகொண்டிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

தட்டைக் கொன்றது கேசட். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் ஆளுக்கொரு டூ-இன்-ஒன் ரேடியோ கேசட் பெட்டி கொண்டுவந்தார்கள். கேசட் விலை குறைவு, கீழே விழுந்தால் உடையாது, பஸ்ஸிலும் ஓடும். ஆனால் கடை உடனே சாகவில்லை. வேறு வேஷம் கட்டிக்கொண்டது. சந்துக்குச் சந்து 'ரெக்கார்டிங் சென்டர்' வந்தது. நாம் ஒரு காலிக் கேசட்டையும், வேண்டிய பாட்டுகளை எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். கடைக்காரர் தன்னிடமுள்ள எல்.பி.யிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து கொடுப்பார். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டு. இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யில் வந்த பிறகு இந்தக் கடைகளுக்கு ஓய்வே இல்லை.

அது உரிமை இல்லாமல் எடுத்த பிரதி என்பதைச் சொல்லியாக வேண்டும். பாடியவருக்கும் எழுதியவருக்கும் அதில் ஒரு காசு போகவில்லை. அந்த இழப்பு உண்மையானது. இருந்தாலும் அந்தக் கடைகளில் நடந்த வேலையை நான் மதிக்கிறேன். நாம் எழுதிக் கொடுத்த வரிசையை அப்படியே பதியமாட்டார்கள். "இந்த சோகப் பாட்டுக்கு அடுத்து டப்பாங்குத்து வச்சா நல்லாருக்காதுண்ணே, மாத்தி வச்சிருக்கேன்" என்பார்கள். பக்கம் முடியும் இடத்தில் ஒரு நிமிடம் மிஞ்சினால் அதில் ஏதாவது வயலின் துண்டை வைத்து நிரப்பியிருப்பார்கள். கேசட் அட்டையில் நுணுக்கி நுணுக்கி எழுதிய பாட்டு வரிசை, அவர்கள் கையெழுத்து. தனியார் பஸ் டிரைவர்களுக்குத் தனிக் கேசட், நெடுந்தூர ராத்திரி லாரிக்குத் தனி. அந்தக் கடைகளில் ஒரு எல்.பி.யை நூற்றுக்கணக்கானவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு இங்கே புதுப் படங்களுக்குத் தட்டு வருவது நின்றது. சி.டி. வந்தது, ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்.பி.3 வந்தது, தெருவோரத்தில் கொட்டி விற்றார்கள். குளிர்சாதனம் செய்த பெரிய இசைக்கடைகள் சென்னையில் கொஞ்ச காலம் ஜொலித்துவிட்டு மூடின. மும்பையின் ரிதம் ஹவுஸே 2016-இல் கதவைச் சாத்தியது. பழைய தட்டுகளுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. அதிலிருந்து தப்பியவை எங்கெங்கோ சிதறின. எச்.எம்.வி. இன்று சரிகம, அவர்கள் 2017-இல் கொண்டுவந்த கார்வான் பெட்டியில் ஐயாயிரம் பாட்டு முன்கூட்டியே இருக்கிறது. பெரியவர்கள் பலர் அதை விரும்பிக் கேட்கிறார்கள். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பாட்டுகளை யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை என்பதைத் தவிர.

எல்.பி.க்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2020-இல் அதன் விற்பனை வருமானம், எண்பதுகளுக்குப் பிறகு முதல்முறையாக, சி.டி.யைத் தாண்டியது. இங்கும் இளையராஜாவின் பழைய எல்.பி.கள் ஆயிரக்கணக்கில் விலை போகின்றன. இளைஞர்கள் தேடி வாங்குவது சந்தோஷம். ஆனால் விலை ஏறிய பொருள் பீரோவுக்குள் போய்விடுகிறது. கீறல் விழுமென்று போட்டே கேட்காதவர்கள் இருக்கிறார்கள். சந்தைப் பார்த்து ஸ்பீக்கர் வைக்க யாருக்கும் துணிவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் இருந்தால், எடைக்குப் போடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிற்கவையுங்கள். வெயில் படும் சுவரோரம் வேண்டாம், எல்.பி. வளைந்துவிடும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துபோகும். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனின் எஃகு ஊசியை எல்.பி.யின் மேல் வைக்கவே வைக்காதீர்கள். லேபிளில் இருக்கும் பெயர்களையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அந்த ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பழைய ரெக்கார்டு கடைக்காரரோ மைக் செட்காரரோ உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வருடம் எந்தத் தட்டு அதிகம் போனது, திருவிழாவுக்கு யார் வந்து என்ன வாங்கினார்கள், எந்தப் பாட்டைக் கேட்டு எந்தத் தெரு சண்டை போட்டது என்று. அவர்கள் பேசுவதைக் கைப்பேசியிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.