தாழ்ந்த வண்டியும் சாய்தளமும்

மோட்டார் வண்டியின் உயரத்தைக் குறைத்து, அதனை நிலத்தோடு ஒட்டியோடச் செய்வது இளைஞர் சிலரிடையே காணப்படும் ஒரு நாட்டமாகும். அதன் அழகு பற்றி ஈண்டு விவாதிக்க நான் முற்படவில்லை. அத்தகைய வண்டி பழுதுற்று வீதியோரம் நின்றுவிடின், அதனைச் சேதமின்றிக் கொண்டுசெல்வது எவ்வாறு என்பதே என் சிந்தனைக்குரியது.

என் மைத்துனர் பல வருடச் சேமிப்பில் வாங்கிய காரின் சுருள்வில்களை மாற்றி, அதனைத் தாழ்த்தியிருந்தார். ஏ-9 வீதியில், கிளிநொச்சிக்கு அப்பால், ஒருநாள் அது நின்றுவிட்டது. முதலில் வந்தவர் முன்பக்கத்தைச் சங்கிலியில் தூக்கி இழுக்கலாம் என்றார். முன்பக்கம் உயரும்போது பின்பக்கம் மேலும் தாழ்ந்து தாரில் உராயுமாதலின் நாங்கள் அதற்கு இசையவில்லை. பின்னர், காரை முழுமையாக ஏற்றிச் செல்லும் கரியர் லொறியொன்று வந்தது. அதன் சாரதி எதனையும் தொடுமுன் கேட்டது இதுதான்: “தம்பி, கார் எவ்வளவு பதிச்சிருக்குது? முதலே சொல்லுங்கோ.”

அக்கேள்வியில் எளிய கணிதமொன்று அடங்கியிருந்தது. 90 சென்ரிமீற்றர் உயரமான மேடைக்கு 3 மீற்றர் நீளமான சாய்பலகையை வைப்பின், சரிவு 17 பாகைக்கு மேலாகும். நிலத்திலிருந்து 12 சென்ரிமீற்றர் உயரத்தில், சில்லுக்கு 60 சென்ரிமீற்றர் முன்னே நீண்டிருக்கும் பம்பரோ ஏறத்தாழ 11 பாகைச் சரிவிலேயே முட்டிவிடும். சரிவின் நீளத்தை 6 மீற்றராக்கினால் அது 9 பாகைக்கும் குறைந்துவிடும்.

சாரதி சாய்பலகையின் நுனியை மரக்குற்றிகளில் உயர்த்தி, அதற்கு முன்னே தடித்த பலகைகளை நீட்டிவைத்தார். வின்ச்சின் கம்பிவடத்தை இழுவை வளையத்தில் கொளுவி, அங்குலம் அங்குலமாகக் காரை ஏற்றினார். மேடையில் நான்கு சில்லுகளையும் பட்டிகளாற் பிணைத்தார். உடற்பகுதியைப் பிணைத்தால், வில்கள் குலுங்குந்தோறும் பட்டி தளரும் என்பது அவர் தந்த விளக்கம்.

சாய்தளத்தை நாம் பரீட்சைக்காகக் கற்கிறோம். அவர் அதனைத் தொழிலினூடே அறிந்திருந்தார். ஆயினும், வண்டியில் செய்த மாற்றத்தை உரியவர் மறைத்திருப்பின் அவ்வறிவு பயன்பட்டிராது. சிலர் அதனைச் சொல்லக் கூச்சப்படுகின்றனர். உதவிக்கு அழைக்கும்போதே வண்டியின் தாழ்வையும், இழுவை வளையம் இருக்குமிடத்தையும் தெரிவித்துவிடுதல் வேண்டும். நம் பொருளைப் பிறர் கையில் ஒப்படைக்கையில், அதன் பலவீனத்தையும் உடன் ஒப்படைப்பதே முறையாகும்.