உம்கேனி ஆறும் எங்கள் ஊர்க் குளமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை நான் கண்டதில்லை. எனினும் நூலகத்தில் அதைப் பற்றிப் படித்தபோது, சிவகிரியில் பிறந்த எனக்கு அது அயலூராகத் தோன்றவில்லை. குன்றுகள், அவற்றினின்று இறங்கிவரும் ஆறுகள், தாழ்வில் மனிதர்கள். எங்களூருக்கு மேற்கே மலை நிற்கிறது. அதன் கீழே குளங்கள் கிடக்கின்றன. அங்கே குளத்துக்குப் பதில் கடல்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாதவர்களில் சிலர் உம்கேனி ஆற்றோரச் சமவெளியில் காய்கறி பயிரிட்டனர். மேட்டிலே வெள்ளையர் மாளிகைகள். பள்ளத்திலே நம்மவர் தகரக் குடிசைகள். வெள்ளம் முதலில் யார் வீட்டுக்கு வரவேண்டும் என்பதை மலை மட்டுமா தீர்மானித்தது?

1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி கரை புரண்டது. மாரிமுத்து படவத்தான் என்ற மீனவரும் அவருடைய தோழர்கள் ஐவரும் தம் படகைச் செலுத்தி 176 உயிர்களை மீட்டனர். நண்பர்களே, இந்த அறுவரின் கதையை நம் பள்ளிப் பாடத்தில் நான் ஒருநாளும் படித்ததில்லை!

பின்னர் நகரம் தொழில் நகரமாயிற்று. துறைமுகத்துக்குத் தெற்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. ஆற்றுச் சமவெளிகள் ஆலைகளுக்குத் தோதான மட்டமான நிலமெனக் கொள்ளப்பட்டன. ஆனால் நீர் தன் வழியை மறப்பதில்லை. 2022 ஏப்ரல் மழையில் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; சரிவுகளில் ஒட்டியிருந்த ஏழைக் குடில்கள் மண்ணோடு சரிந்தன. பிராஸ்பெக்டனில் இருந்த டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையும் நீரில் மூழ்கிற்று. ஏழைக்கு இரங்காத வெள்ளம் முதலாளிக்கும் இரங்கவில்லை.

இதை நான் வெறும் பொது அறிவுக்காக எழுதவில்லை. எங்கள் குளத்து மறுகால் ஓடையை ஒட்டி எங்களுக்கு அறுபது சென்ட் நஞ்சை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிரம்பினால் மறுகால் தண்ணீர் அதன் வரப்பைத் தொட்டுத்தான் போகும். அதை வீட்டுமனைக்குக் கேட்கிறார்கள். பக்கத்து வயல்களில் ஏற்கெனவே கல் நட்டாயிற்று. அக்காள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்கிறாள் அம்மா, அதுவும் பொய்யில்லை. வாங்கி வீடு கட்டப் போகிறவர்களும் பணக்காரர்கள் அல்லர். மில்லுக்குப் போய் நாலு காசு சேர்த்தவர்கள்தாம்.

பொங்கல் விடுமுறையில் டர்பன் வெள்ளப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அது கடலோர ஊருல்லா? நம்மூர்ல அப்படி எங்க பெய்யுது?" என்றார்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் கொட்டியதைச் சொன்னேன்.

"அதுவும் கடலோரந்தானடா" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டார். தரகருக்கு மாசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.