தண்ணீர் வேண்டாம், அத்தை

டிசம்பர் 27, சனி

போகிக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. அத்தை இப்போதே ஒட்டடைக்குச்சியை எடுத்துவிட்டார்கள். காலையில் காபியோடு ஹால் ஜன்னலைப் பார்த்தவர்கள், "இந்தத் தகரத்தையெல்லாம் கழட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஹோஸ் வச்சு அடிச்சா ஒரு மணி நேர வேலைம்மா" என்றார்கள். தகரம் என்றது அலுமினிய வெனிஷியன் பிளைண்ட்ஸை.

நம் வீடுகளில் சுத்தம் என்றாலே தண்ணீர்தான். வாசல், தரை, பாத்திரம், ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். துணித் திரைக்கு அது பொருந்தும். பிளைண்ட்ஸின் மேல் சேனலுக்குள் தண்ணீர் புகுந்தால் அங்கேயே தங்கிவிடும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் திருவான்மியூர்க் கடற்காற்றில் ஏற்கெனவே பாதி துரு. மீதியையும் நாமே முடித்துவைப்பானேன்?

டிசம்பர் 28, ஞாயிறு

ஹால் ஜன்னல் இரண்டும் முடிந்தன. ஃபேனை நிறுத்தி, சோபா மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுத்தான் ஆரம்பம். கம்பியைத் திருகிப் பட்டைகளை முழுக்க மூடினால் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரே பலகையாகிவிடும். மேலிருந்து கீழே உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு இழுப்பு. எதிர்ப்பக்கம் திருகி மறுபடியும் ஒன்று. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் ஓரத்தில் தப்பித்த தூசிக்குப் பட்டைகளைப் படுக்கவைத்து, பழைய காட்டன் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு, விரல் நடுவே பிடித்து உருவ வேண்டும். வெறும் கையால் செய்தால் விளிம்பு விரலைக் கிழிக்கும்.

உலர்ந்த துடைப்பு முதலில், ஈரம் அப்புறம். இந்த வரிசை மாறினால் தூசி சேறாகிப் பட்டைகளைத் தாங்கும் ஏணிக்கயிற்றில் ஏறிவிடும். வெள்ளைக் கயிற்றில் ஏறிய அந்தச் சாம்பல் நிறம் லேசில் போகாது. ஆனால் கடலோரத்தில் உலர்ந்த துணி மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுக்கும். தூசி அதோடு சேர்ந்து பட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, ஒட்டப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி. அவ்வளவுதான் தண்ணீருக்கு வேலை.

சமையலறை ஜன்னலில் தாளிப்பு எண்ணெய் படிந்து பிசுக்கேறியிருக்கிறது. அதற்கு வெந்நீர் வேண்டும், கொஞ்சம் ஊறவும் விட வேண்டும். சோடா உப்பைப் பேஸ்ட் போலக் குழைத்துத் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. பெயின்ட் கீறிப்போன இடத்தில் காரம் பட்டால் அலுமினியம் கறுக்கும். நான் தொடமாட்டேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

மேல் சேனலை டார்ச் அடித்துப் பார்த்தேன். மூலையில் பல்லி முட்டை ஓடுகள், பல்லி மிட்டாயை யாரோ உடைத்துப் போட்டது போல. அவற்றைப் பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தபோதுதான் கயிறு கண்ணில் பட்டது. பட்டைகளின் துளை வழியே ஏறி, சேனலுக்குள் திரும்பி, பூட்டு வழியாக வெளியே வரும் நைலான் கயிறு அது. பூட்டில் உரசும் இடத்தில் இழை இழையாகப் பிரிந்து நிற்கிறது. பிளைண்ட்ஸ் "ஏறவே மாட்டேங்குது" என்று கூப்பிடும் வீடுகளில் அனேகமாகக் குற்றவாளி இதுதான். முழு செட்டையும் மாற்றச் சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டியதில்லை. பாரிமுனையில் அதே கனத்தில் கயிறு வாங்கி, அடிப்பட்டையின் கீழுள்ள முடிச்சை அவிழ்த்து, பழைய கயிற்றின் நுனியில் புதியதின் நுனியை நெருப்பில் இளக்கி ஒட்டி, மறுமுனையிலிருந்து மெதுவாக இழுத்தால் பழையதே புதியதைப் பாதை காட்டிக் கூட்டிப்போகும். ஒட்டிய இடம் தடித்திருந்தால் துளையில் சிக்கும். சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும், விரலைப் பார்த்துக்கொண்டு.

இறுகிப்போன திருகிக்கு அத்தை தேங்காய் எண்ணெய் நீட்டினார்கள். எண்ணெய் தூசியைக் கூப்பிடும். சிலிக்கான் ஸ்பிரே ஒரே ஒரு பீச்சல்.

ஜனவரி 3, சனி

பால்கனி மூங்கில் திரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுருட்டியே கிடந்ததில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். உலர்ந்த பிரஷால் தேய்த்துவிட்டு வெயிலில் முழுக்க இறக்கிவிட்டேன். ஒரு குச்சியின் அடியில் மாவு போலப் பொடி உதிர்ந்திருந்தது. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்கு வரும் வண்டின் வேலை. பரவினால் திரைக்கு ஆயுள் குறைவு. மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும் நாளில் எல்லாம் இதை இறக்கிக் காற்றாட விடுவதைவிட நல்ல பராமரிப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

படுக்கையறை ரோலருக்கு வேக்குவம் கிளீனரின் பிரஷ் முனை போதும். பின்பக்கப் பூச்சைத் தேய்த்தால் உரியும். ஈரத்தோடு சுருட்டக் கூடாது.

ஜனவரி 11, ஞாயிறு

பரணில் ஒரு பழைய செட். சித்தப்பா 90களின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வினைல் பிளைண்ட்ஸ். வேலைக்கு வரும் அக்கா, "போகியில போட்டுடலாம்" என்றார். கூடவே கூடாது. 1996ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்த வகை இறக்குமதி வினைல் பிளைண்ட்ஸைப் பற்றி எச்சரித்தது. பிளாஸ்டிக் உறுதியாக நிற்பதற்காகச் சேர்த்த ஈயம், வெயிலிலும் சூட்டிலும் பிளாஸ்டிக் சிதையும்போது தூசியாக மேலே வந்துவிடுகிறது. துடைத்தாலும் கழுவினாலும் மீண்டும் ஊறும். சின்னக் குழந்தைகள் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைத்தால் ஆபத்து. இதை எரித்தால் ஈயத்தோடு வினைலின் அமிலப் புகையும் தெருவுக்குப் போகும். ஈரத்துணியால் சுற்றி, பையில் கட்டி, குப்பைக்காரரிடம் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன்.

ஜனவரி 14, போகி

புகை. ஜன்னலை அடைத்திருந்தும் ஹால் பட்டைகளில் விரல் வைத்தால் கரி ஒட்டுகிறது. போகிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்வது மரபு. பிளைண்ட்ஸ் மட்டும் அந்த மரபுக்கு வெளியே இருக்கட்டும்: சென்னையில் அதைப் பொங்கலன்று துடைப்பதே புத்தி. வாரம் ஒருமுறை உலர்ந்த துணி போய்வந்துகொண்டிருந்தால் பெரிய சுத்தம் என்று ஒன்று தேவையும் இல்லை. அத்தை இதை ஏற்கவில்லை.

ஜனவரி 17, காணும் பொங்கல்

நாத்தனார் இரண்டு வயதுப் பையனோடு வருகிறார் என்று காலையிலேயே டிரில்லை எடுத்தேன். தொங்கும் கயிறுகள் இரண்டையும் ஒரே குஞ்சத்தில் முடிந்திருந்தார்கள். அந்த வளையம்தான் குழந்தையின் கழுத்துக்குப் பகை. வெட்டித் தனித்தனிக் குஞ்சமாக்கினேன். தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் கொக்கி அடித்துக் கயிற்றைச் சுற்றிவைத்தாயிற்று. ரோலரின் மணிச்சங்கிலியும் சுவரோடு இறுக்கமாக மாட்டியாயிற்று. சோபாவை ஜன்னலடியிலிருந்து தள்ளிப்போட்டோம்.

பையன் கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டைகளுக்கு நடுவே கையை விட்டுத் தெருவில் போகும் மாட்டைப் பார்த்தான். ஒரு பட்டை மடங்கிவிட்டது. மடிப்பு விழுந்த அலுமினியம் பழையபடி நிமிராது. அடிப்பட்டைக்கு மேலே, இறக்கினாலும் மடிந்தே கிடக்கும் உபரிப் பட்டைகளில் ஒன்றை உருவி அந்த இடத்தில் போட்டால் தெரியாது. கயிற்று முடிச்சை மறுபடி அவிழ்க்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "அப்படியே கழட்டினதோட ஒரு தடவை கழுவிடேன்" என்றார்கள் அத்தை.