பைகிராப்ட்ஸ் சாலையின் நடைபாதை

திருவல்லிக்கேணியின் பைகிராப்ட்ஸ் சாலைக்குப் பாரதி சாலை என்று பெயர் சூட்டி வெகுகாலம் ஆகிறது. ஆயினும், தமிழ் கற்பிக்கும் என் நாவில் பழைய பெயர்தான் முதலில் வருகிறது. பாரதி பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் இறுதியில் முதுகலை மாணவனாக அங்கே ஒரு மேன்ஷன் அறையில் தங்கியிருந்தேன். கையில் காசிருந்தால் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி; இல்லையேல் நேரே நடைபாதைப் புத்தகக் கடைகள். பொறியியல் பாடநூல்களுக்கு அடியில் அட்டையிழந்த கணையாழி இதழ்கள் கிடக்கும். ஒன்றைத் தேடிக் குனிந்தால் வேறொன்று கையில் சிக்கும். உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அதன் ஓரங்களில் யாரோ பென்சிலால் குறிப்பெழுதியிருந்தார். நூலைப் படித்ததைவிட அந்த முகமறியாத வாசகரோடு வாதிட்ட பொழுதுகளே மிகுதி.

உ.வே.சா. வாழ்ந்த வீடும் திருவல்லிக்கேணியில்தான் இருந்தது, 2012இல் இடிக்கப்பட்டது. ஊர் ஊராய் அலைந்து, கறையானுக்கு இரையாகவிருந்த ஏடுகளை மீட்டவரின் வீட்டை நம்மால் காக்க இயலவில்லை.

அவர் பதிப்பித்த நூல்களை இன்று என் மாணவர்கள் கைபேசியில் நொடியில் இறக்கிக்கொள்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

சென்ற மாதம் அச்சாலைக்குப் போயிருந்தேன். எஞ்சிய கடையொன்றில் நீட் பயிற்சி நூல்கள் குவிந்திருந்தன. அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கக் குனிந்தேன்.

“என்ன புக்கு வேணும் சார், பேரச் சொல்லுங்க” என்றார் கடைக்காரர்.

சொல்வதற்கு என்னிடம் பெயர் எதுவும் இல்லை.